எச்சரிக்கை வந்த நாட்டுக்குப் போகலாமா? அரசு அறிவிப்பு, டிராவல் பாலிசி, உள்ளூர் ஏஜென்சி: ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் ஒரே ரகமில்லை. ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து மெஷின் பார்க்கப் போகும் இன்ஜினியர்கள், மாங்கூழ் ஆர்டர் பேச வளைகுடா போகும் கம்பெனிக்காரர்கள், சவுதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று மருத்துவம் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள், உம்ராவுக்கும் முக்திநாத்துக்கும் குழுவாகக் கிளம்பும் பெரியவர்கள். டிக்கெட் போட்டபின், "அந்த நாட்டுக்குப் போக வேண்டாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்துவிட்டால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: போகலாமா, போகாவிட்டால் காசு திரும்புமா?

பதில் தேட நமக்கு இருப்பவை வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்புகள், பிற நாட்டு அரசுகளின் எச்சரிக்கைப் பக்கங்கள், டிராவல் இன்சூரன்ஸ், விமான நிறுவனத்தின் ரீஃபண்ட் விதி, நம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டிராவல் ஏஜென்சி. ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம். ஆபத்து இருக்கிறதா என்பதை அரசு அறிவிப்பு சொல்லும். பணம் திரும்புமா என்பதை டிக்கெட் விதியும் பாலிசியும்தான் சொல்லும். முன்னதைப் படித்துவிட்டுப் பின்னதும் தெரிந்துவிட்டதாக நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெளியுறவு அமைச்சகம்: மணி அடிப்பதில் நல்ல மதிப்பெண், திட்டமிட உதவுவதில் குறைவு

அமெரிக்கா மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிலை போடும் வழக்கம் நம் அமைச்சகத்துக்குக் கிடையாது. நாலு வரி, ஐந்து வரியில் ஓர் அறிக்கை வரும், அவ்வளவுதான். அந்த வரிகளில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்பதில்தான் விஷயம். 'விழிப்புடன் இருங்கள்' என்பது கீழ்ப்படி. அடுத்தது 'தேவையற்ற பயணத்தைத் தவிர்க்கவும்'. அதற்கும் மேலே 'பயணத்தை ஒத்திவைக்கவும்', 'மறு அறிவிப்பு வரும்வரை செல்ல வேண்டாம்'. உச்சி, 'அங்கிருப்பவர்கள் கிடைக்கும் வழியில் வெளியேறவும்' என்பது. ஈரானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 12 அன்று ஈரான், இஸ்ரேல் இரண்டுக்கும் மறு அறிவிப்பு வரும்வரை போக வேண்டாம் என்றது அமைச்சகம். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஈரானுக்கு வந்தது தேவையற்ற பயணத்தைத் தவிர்க்கச் சொல்லும் அறிவிப்பு. ஆறு மாத இடைவெளியில் ஒரே நாட்டுக்கு இரண்டு படி. தொலைக்காட்சியின் கீழ்வரியில் இரண்டுமே 'ஈரானுக்குச் செல்லத் தடை' என்றுதான் ஓடும்.

தடை என்பதே வேறு. ஏமனுக்கு 2017 முதல் இந்தியர்கள் போகத் தடை இருக்கிறது. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மற்றபடி பெரும்பாலான அறிவிப்புகள் அறிவுரை மட்டுமே. மீறிப் போனால் இமிக்ரேஷனில் பிடித்து நிறுத்துவதற்கு அந்த அறிவுரை மட்டும் காரணமாகாது. ஆனால் பின்னால் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை, சொல்ல வேண்டியதை மென்மையாகச் சொல்வது. உக்ரைன் விஷயத்தில் கீவ் நகரத்து இந்தியத் தூதரகம் 2022 பிப்ரவரி 15 அன்று சொன்னது இதுதான்: இருந்தே ஆக வேண்டும் என்ற அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம். 'யோசிக்கலாம்' என்றால் கல்லூரி வருகைப் பதிவேட்டுக்குப் பயப்படும் பிள்ளை யோசித்துக்கொண்டேதான் இருக்கும். போர் பிப்ரவரி 24 அன்று தொடங்கியது, வான்வழி அன்றே மூடப்பட்டது. நடுவே இருந்தது ஒன்பது நாள். அதற்குள் கிளம்பாமல் இருந்தவர்கள் போலந்து, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா எல்லைகளுக்குத் தரைவழியே வந்து சேர வேண்டியதாயிற்று. அரசின் மீட்புத் திட்டமான ஆபரேஷன் கங்கா மூலம் விமானம் வந்தது உண்மை, அதற்குக் கட்டணம் வாங்கவில்லை என்பதும் உண்மை. எல்லை வரைக்கும் வருவது பெரும்பாலும் அவரவர் பாடாகத்தான் இருந்தது. ஆகவே பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கும் வீடுகளுக்கு எங்கள் கணிப்பு: அமைச்சகம் மாணவர்களைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், எந்த வினைச்சொல் இருந்தாலும் அதை ஒரு படி மேலே ஏற்றிப் படியுங்கள். அந்த வாரமே டிக்கெட் விலையைப் பாருங்கள். வான்வழி மூடிய பிறகு எந்த விலைக்கும் டிக்கெட் இல்லை.

இரண்டாவது குறை, அறிவிப்புகளுக்கு முடிவுத் தேதி கிடையாது. நிலைமை சீரானபின் 'இனிப் போகலாம்' என்று ஓர் அறிக்கை வருவது அபூர்வம். 2025 செப்டம்பரில் நேபாளத்தில் இளைஞர் போராட்டம் வெடித்தபோது, நிலைமை சீராகும்வரை பயணத்தை ஒத்திவைக்கச் சொன்னது அமைச்சகம். காத்மாண்டு விமான நிலையம் 9-ஆம் தேதி மூடப்பட்டு மறுநாளே திறந்துவிட்டது. விமானம் ஓடியது, அறிவுரை அப்படியே நின்றது. முக்திநாத் குழு கூட்டிப்போகிறவர்களுக்கு இந்த இடைவெளிதான் தலைவலி. இப்படிப்பட்ட நேரத்தில் பார்க்க வேண்டியது காத்மாண்டு இந்தியத் தூதரகத்தின் அடுத்தடுத்த பதிவுகளை: ஊரடங்கு நேரம், எந்தச் சாலை திறந்திருக்கிறது, உதவி எண் இன்னும் இயங்குகிறதா. அவசர உதவி எண்கள் எடுக்கப்பட்டு, தூதரகம் விசா, பாஸ்போர்ட் வேலைகளுக்குத் திரும்பிவிட்டால் நெருக்கடி தணிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சில அறிவிப்புகள் அமைச்சகத்தின் தளத்தில் தேடினால் சட்டென்று கிடைக்காது. அந்தந்தத் தூதரகத்தின் தளத்திலோ எக்ஸ் கணக்கிலோதான் இருக்கும். 2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடியா எல்லைச் சண்டையின்போது பாங்காக் இந்தியத் தூதரகம் ஏழு மாகாணங்களைத் தவிர்க்கச் சொன்னது: உபோன் ராட்சதானி, சுரின், சிசாகெட், புரிராம், சா கியோ, சந்தபுரி, திராட். பாங்காக், பட்டாயா, புக்கெட் எதுவும் இதில் இல்லை. அப்போது மொத்த தாய்லாந்து டூரையும் கேன்சல் செய்தவர்கள் வீணாகப் பணத்தை விட்டார்கள். இன்னொரு பக்கம், கோ சாங் தீவுக்கு அறை போட்டிருந்தவர் 'தீவுதானே, எல்லைக்கும் நமக்கும் என்ன' என்று இருந்திருந்தால் அதுவும் தப்பு; கோ சாங் இருப்பது திராட் மாகாணத்தில். ஓட்டல் எந்த மாகாணத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்காமல் இப்படிப்பட்ட அறிவிப்பைப் படித்துப் பயனில்லை.

ஆகவே படிக்கும் முறை இது. அமைச்சகத் தளத்தில் அறிவிப்பைத் திறந்ததும் முதலில் தேதி. அடுத்து யாருக்குச் சொல்லியிருக்கிறது: சுற்றுலாப் பயணிக்கா, மாணவருக்கா, வேலைக்குப் போகிறவருக்கா, அங்கேயே குடியிருப்பவருக்கா. பிறகு இடம்: முழு நாடா, சில மாகாணங்களா. கடைசியாக வினைச்சொல். இந்த நான்கையும் பார்த்துவிட்டு, தேதியும் தளத்தின் முகவரியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர்லைன்ஸிடமோ பாலிசி கம்பெனியிடமோ பேசும்போது செய்தித்தாள் வெட்டு செல்லாது, இது செல்லும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும்; தமிழில் தேடி நேரத்தை விட வேண்டாம்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். நெருக்கடி வந்தபின் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத் தனியாக மதிப்பெண் போட்டால் நாலரை.

மற்ற நாடுகளின் எச்சரிக்கைப் பக்கங்கள்

பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பக்கம் விவரத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. நாட்டின் வரைபடத்தையே வண்ணம் பிரித்துப் போட்டு, எந்தப் பகுதிக்கு எந்த அளவு என்று காட்டுவார்கள். எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் போகாதே என்று அளவு சொல்வார்கள். நம் அமைச்சகத்தின் நாலு வரி அறிக்கையோடு இந்த வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். எச்சரிக்கையை மீறிப் போனால் இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். அது பிரிட்டனில் வாங்கிய பாலிசிக்கு. ஓசூரில் வாங்கிய பாலிசியை அந்த வரி கட்டுப்படுத்தாது.

அமெரிக்காவின் நான்கு நிலைகள் எளிதாகப் புரியும், அதனாலேயே தவறாகவும் புரியும். முதல் இரண்டு நிலைகளில் உள்ள நாடுகளை ஆண்டுக்கு ஒருமுறையும், மூன்று, நான்கில் உள்ளவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மறுபரிசீலனை செய்வது அவர்கள் வழக்கம். திடீர் மாற்றம் வந்தால் இடையிலும் செய்வார்கள். அதனால் மூன்றாம் நிலை என்று காட்டுவது நேற்றைய கணக்காகவும் இருக்கலாம், ஐந்து மாதம் முந்தையதாகவும் இருக்கலாம். இன்னொன்று, அந்தக் கணக்கு அமெரிக்கர்களுக்கான ஆபத்தை அளப்பது. 2025 ஜூன் மாத அறிவிப்பில் இந்தியாவையே இரண்டாம் நிலையில் வைத்திருந்தார்கள். நாம் ராயக்கோட்டைக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறோம். எண்ணைவிடப் பக்கத்தில் போட்டிருக்கும் எழுத்து முக்கியம்: ஆள் கடத்தலுக்கு கே, குற்றத்துக்கு சி, பயங்கரவாதத்துக்கு டி, கலவரத்துக்கு யு. நம்மவருக்கு கே என்ற எழுத்துதான் சிவப்பு விளக்கு, நிலை எதுவானாலும்.

ஓசூரில் பன்னாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி அனுப்பும் பயணமானால், அலுவலகத்தின் பயண விதி எந்த அரசின் எச்சரிக்கையைக் கணக்கில் எடுக்கிறது என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்க் கம்பெனி இருக்கும் நாட்டின் எச்சரிக்கையைப் பின்பற்றும் இடங்கள் உண்டு.

டிராவல் பாலிசி: விலைக்கு நல்ல சரக்கு, ஆனால் நீங்கள் நினைப்பதற்கு அல்ல

நாற்பது வயதுக்குள் இருப்பவர் ஒரு வாரம் தென்கிழக்கு ஆசியா போய்வர ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே பாலிசி கிடைக்கிறது. ஐம்பதாயிரம் டாலர் மருத்துவச் செலவு வரை தாங்கும். இந்தப் பணத்துக்கு இது மலிவு. ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எப்படியும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம். சிக்கல் எங்கே என்றால், வாங்குகிறவர் மனதில் 'ஏதாவது ஆனால் பணம் வந்துவிடும்' என்ற எண்ணம் இருக்கிறது. பாலிசிப் பத்திரத்தில் அந்த 'ஏதாவது' என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது.

பயணம் ரத்தானால் ஈடு தரும் பிரிவை எடுத்துப் படியுங்கள். பயணிக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ உயிரிழப்பு, ஆஸ்பத்திரியில் சேரும் அளவு நோய், இயற்கைப் பேரிடர் என்று காரணங்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும். 'அரசு பயண எச்சரிக்கை' என்ற காரணம் அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டுமே அதற்குப் பணம். பல பாலிசிகளில் அது இல்லை. பயந்து போய் நாமே ரத்து செய்வது எந்தப் பட்டியலிலும் இருக்காது. 'எந்தக் காரணத்துக்கும் ரத்து' என்று கூடுதல் பிரீமியத்துக்குத் தரும் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றிலும் முழுத் தொகை வராது, ஒரு விழுக்காடுதான். புறப்படுவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் செல்லும் என்ற கெடுவும் இருக்கும்.

அடுத்து விலக்குகள் பகுதி. மூன்று வரிகளைத் தேடுங்கள். ஒன்று, போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலவரம் இவற்றால் வரும் இழப்பு; இது அநேகமாக எல்லாப் பாலிசியிலும் விலக்குதான். இரண்டாவது, அரசு அறிவுரைக்கு மாறாகச் செய்யும் பயணம். இந்த வரி இருக்கும் பாலிசியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கை உள்ள நாட்டுக்குப் போனால், குண்டு வேண்டாம், குளியலறையில் வழுக்கி விழுந்த கால் முறிவுக்குக்கூட கிளெய்ம் தகராறாகும். இந்த வரி இல்லாத பாலிசியில், போரால் வராத சாதாரணக் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் காப்பு நிற்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது, பாலிசியே செல்லாத நாடுகளின் பட்டியல். பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாங்கிய தேதி. எச்சரிக்கை வெளிவந்தபின் வாங்கிய பாலிசியில், அந்த நெருக்கடி ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு. அதன் பேரில் கேட்கும் எதுவும் நிற்காது. விசா வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், திரும்பப் பெற முடியாத முதல் தொகையைக் கட்டும் அன்றே பாலிசியையும் போட்டுவிடுவதுதான் கணக்கு. விமானம் ஏறியபின் நினைவுக்கு வந்தால் பயனில்லை. இங்கே விற்கும் பாலிசிகள் இந்தியாவை விட்டுக் கிளம்பும்முன் வாங்கியிருக்க வேண்டும்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: விமான நிலையம் மூடி அங்கேயே மாட்டிக்கொண்டால் பாலிசி தானாக நீளுமா, எத்தனை நாள்? சில பாலிசிகளில் இந்த வசதி உண்டு, சிலவற்றில் போன் செய்து நீட்டிக்கக் கேட்க வேண்டும். முடிந்த தேதிக்கு அப்புறம் கேட்டால் மறுத்துவிடுவார்கள். உடன் வரும் பெற்றோருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தால், ஒவ்வொரு நோய்க்கும் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஐம்பதாயிரம் டாலர் பாலிசியாக இருக்கும், மாரடைப்புக்கு அதில் சிறு பகுதிதான் என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் சேருமுன் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் பேசிப் பதிவெண் வாங்கிவிட வேண்டும். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கலவரம் நடக்கும் நாட்டில் இணையத்தை முதலில் நிறுத்துவார்கள்.

டிக்கெட்: அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதீர்கள்

விமான நிறுவனம் ரத்து செய்தால் ஒரு கணக்கு, பயணி ரத்து செய்தால் வேறு கணக்கு. அவர்கள் ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை பயணியுடையது. நாம் ரத்து செய்தால், டிக்கெட்டில் எழுதியிருக்கும் கட்டணம் பிடித்தம். எச்சரிக்கை வந்த அன்று இரவே பயந்து ரத்து செய்கிறவர்கள், இரண்டு நாள் கழித்து அதே விமானத்தை நிறுவனமே ரத்து செய்யும்போது கையைப் பிசைகிறார்கள்.

போர் மாதிரி சமயங்களில் பெரிய நிறுவனங்கள் சலுகை அறிவிப்பு ஒன்று விடும். அதில் இரண்டு தேதி இருக்கும்: டிக்கெட் எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும், பயணம் எந்தத் தேதிகளுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம், சில நேரம் முழு ரீஃபண்டும் உண்டு. இந்த அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதுதான் லாபம். ஆனால் விமானம் கிளம்பும் நேரத்தைத் தாண்டிக் காத்திருக்கக் கூடாது. போகாமலும் ரத்து செய்யாமலும் விட்டால் 'நோ ஷோ' ஆகிவிடும். அப்படி ஆனாலும், ரீஃபண்ட் இல்லாத சலுகை டிக்கெட்டானாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் இந்திய நிறுவனங்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ-வின் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் நாட்டு விதி.

பலர் பார்க்கத் தவறுவது இடையில் இறங்கும் ஊர். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியது. ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கும் கத்தாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தோஹாவில் விமானம் மாறுவதைத் தவிர. வளைகுடாவில் பதற்றம் இருக்கும் காலத்தில் பெங்களூரிலிருந்து நேரடி விமானமோ, கொழும்பு, சிங்கப்பூர் வழியோ கிடைத்தால் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். மலிவாக வருகிறதே என்று தோஹா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வேறு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால், முதல் விமானம் ரத்தானாலும் இரண்டாவது கம்பெனிக்கு அது கவலையில்லை.

வேலைக்குப் போகிறவர்கள்

இவர்களுக்கு எச்சரிக்கை என்றால் போர் மட்டுமில்லை. போலி வேலைகளைப் பற்றி 2022 முதல் அமைச்சகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சுற்றுலா விசாவில் பாங்காக் வரவழைத்து, அங்கிருந்து மே சோட் வழியாக மியான்மரின் மியாவாடிக்கோ, லாவோஸின் தங்க முக்கோணப் பகுதிக்கோ கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். ஈரானிலும் வேலை ஆசை காட்டி ஆள் கடத்திப் பணம் கேட்ட சம்பவங்களுக்குப் பிறகு, இந்தியர்களுக்கு விசா இல்லாமல் வரத் தந்த சலுகையை அந்நாடு 2025 நவம்பர் 22 முதல் நிறுத்தியது. இந்த வகை எச்சரிக்கையில் படி பார்க்க எதுவுமில்லை. வேலைக்குச் சுற்றுலா விசா என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

சோதிக்க வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளம் உண்மையிலேயே பயன்படுகிறது. ஆள் எடுக்கும் ஏஜென்ட்டின் பதிவெண்ணைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஊரில் பாஸ்போர்ட் வாங்கிப்போக வருகிறவர் பெரும்பாலும் பதிவு இல்லாத துணை ஏஜென்ட். அவர் சொல்லும் கம்பெனிப் பெயரை மட்டும் தேடாமல், உரிமத்தில் உள்ள முகவரியும் போனும் ஒத்துப்போகிறதா என்று அந்த எண்ணுக்கே பேசிப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இரண்டு லட்சம் கேட்டால் பதில் தெரிந்துவிட்டது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இசிஆர் வகையில் வரும். சவுதி, குவைத், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்று பார்க்கிறவர்கள் அதிகம், ஆனால் இந்த மதிப்பீட்டில் அதற்கு நல்ல இடம்: அனுமதியோடு போகிறவரின் சம்பளம், கம்பெனி, முகவரி எல்லாம் அரசுப் பதிவில் இருக்கும், நெருக்கடியில் தூதரகம் தேடுவது அந்தப் பதிவை வைத்துத்தான். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, வரி தனி. விபத்தில் மரணம், நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். இந்த விலைக்கு வேறு எங்கும் இது கிடைக்காது.

மாணவர்கள் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (Madad) தளத்தில் பெயர், கல்லூரி, தங்குமிடம், உள்ளூர் போன் எண் பதிவு செய்யுங்கள். போய் இறங்கி சிம் மாற்றியதும் எண்ணைப் புதுப்பிக்காமல் விடுவதுதான் வழக்கமான கோளாறு. வேலைக்குப் போனவர்களின் குடும்பத்தார் இந்தியாவுக்குள்ளிருந்து பேச 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அயலகத் தமிழர் நல வாரியத்திலும் சேர்ந்துவிடுவது நல்லது.

உள்ளூர் ஏஜென்சியும் விமான நிலையம் வரைக்கும் உள்ள பாதையும்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூரில் உள்ள டிராவல் ஏஜென்சிகளில் டிக்கெட் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. எச்சரிக்கைக் காலத்தில்தான் தரம் பிரிகிறது. நல்ல ஏஜென்ட் முன்பணம் வாங்குமுன் ரத்து விதியை எழுதித் தருவார்: எந்தத் தேதிக்கு முன் எவ்வளவு பிடித்தம், ஓட்டல் எவ்வளவு, விசாக் கட்டணம் எவ்வளவு திரும்பாது என்று. 'நம்ம ஆளுங்கதானே, பாத்துக்கலாம்' என்று சொல்கிற இடத்தில் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான். டிக்கெட்டில் ஏஜென்ட்டின் போன் எண்ணும் மெயிலும் மட்டும் இருந்தால் விமான நிறுவனத்தின் ரத்து, சலுகைச் செய்திகள் அவருக்கே போகும். உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் ரீஃபண்ட் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, ஏஜென்ட் அதன் பிரதிநிதி. ஆகவே 'கம்பெனி இன்னும் அனுப்பவில்லை' என்று இழுத்தடித்தால் நேரே நிறுவனத்திடம் பிஎன்ஆர் போட்டுக் கேளுங்கள், பணம் எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது என்று சொல்வார்கள்.

குழு டூரில் ஒரு நுணுக்கம். குழு டிக்கெட் தனி விதியில் வாங்கப்படுவது. நாற்பது பேரில் ஐந்து பேர் மட்டும் பயந்து விலகினால் அந்த ஐவருக்கும் பிடித்தம் அதிகம். மொத்தக் குழுவும் தேதி தள்ளிப்போட்டால் நிறுவனத்தோடு பேரம் பேச இடமிருக்கிறது. விலக நினைக்கிறவர்கள் முதலில் குழுவில் பேசுங்கள். நேபாளத்துக்கு நமக்கு பாஸ்போர்ட் தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். அதனாலேயே பலர் அதை வெளிநாடாக நினைக்காமல் இன்சூரன்ஸையும் விட்டுவிடுகிறார்கள். மலைப்பாதையில் ஹெலிகாப்டர் மீட்பு என்ற ஒன்று இருக்கிறது, அதற்கு யாரோ ஒருவர் பணம் கட்டியாக வேண்டும்.

பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடகோடி. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து இன்னும் 45 கூட. நகரத்தைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும் என்பதால் சர்வதேச விமானத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே வண்டி எடுக்கிறோம். பதற்றமான நாட்களில் விமானத்தின் நிலையை மூன்று இடத்தில் பாருங்கள்: வீட்டில் கிளம்பும்முன், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில், அத்திப்பள்ளிக்கு முன்னால் ஓசூரில். ஓசூர் தாண்டிவிட்டால் கர்நாடக பர்மிட் காசும் போய்விடும், திரும்பி வர மனமும் இருக்காது. வண்டி பேசும்போதே, ஓசூரில் திரும்பினால் என்ன வாடகை என்று பேசி வைத்துக்கொள்ளலாம். காவிரிப் பிரச்சினையில் கர்நாடகத்தில் பந்த் அறிவித்தால், 2023 செப்டம்பரில் நடந்ததுபோல, தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையில் உள்ள ஜூஜூவாடியோடு நின்றுவிடும். வெளிநாட்டு எச்சரிக்கையைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்த உள்ளூர் எச்சரிக்கையில் விமானத்தை விட்டிருக்கிறார்கள். அந்த வாரம் சென்னை வழியாகப் போவதோ முந்தைய நாளே போய்ப் பெங்களூரில் தங்குவதோ மேல்.

போகவில்லை என்று முடிவானால் ஒரு வேலை பாக்கி. பயன்படுத்தாத டிராவல் பாலிசியைப் பயணத் தேதிக்கு முன்பே ரத்து செய்யக் கேளுங்கள்; சிறு பிடித்தம் போக மீதி வரும். தேதி கடந்துவிட்டால், நாட்டைவிட்டுப் போகவில்லை என்று காட்ட பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகலும் கேட்பார்கள். டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் வரி) பிடித்திருந்தால் அது வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஏறவில்லை என்றால் ஏஜென்ட் அந்தத் தொகையை ரத்துக் கட்டணத்தோடு சேர்த்துக் கழிக்க விடாதீர்கள்.